தானாகச் சரியான கார்

ஜனவரி 5, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குக் காரின் பின் இடது சக்கரம் தரையோடு படிந்து கிடந்தது. பதினோரு மணிக்கு மாற்றுச் சக்கரம் ஏறிவிட்டது. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் என் கண்ணில் மண்ணைத் தூவிய தராசு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு என் நோட்டில் நானே பொய் எழுதுவது நன்றாக இருக்காது.

முதலில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினேன். பிறகு நட்டைத் திருகினேன். நட்டு கழலவில்லை, சக்கரம்தான் சுற்றியது. என் மனைவி துளசிமணியைக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வருவதாக உள்ளே போனாள். திரும்பி வந்ததும், "ஏனுங்க, வண்டி தரையில இருக்கறப்பவே நட்டை இளக்கிப் போடோணுமாம். அப்பறந்தான் தூக்கோணுமாம்" என்றாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"ஆராச்சும் சொல்லிக் கேட்டிருப்பேன்."

அதன்படி செய்தேன். கழன்றது. முப்பத்து மூன்று வருடம் கூடவே இருந்தும் இவளுக்கு நட்டைப் பற்றித் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் மதில்மேல் கைவைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். "ஊருக்கே பெரிய மெக்கானிக் உங்க சம்பந்தி. ஒரு போன் அடிக்காம எதுக்குங்க இந்தப் பாடு?" என்றார். அவருக்கு விவரம் போதாது. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தாராபுரம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சென்னியப்பன் கையில்தான் இந்த வெள்ளைக் கார் பதினோரு வருடம் வளர்ந்தது. அப்போது நான் "ஏப்பா சென்னியப்பா" என்பேன், அவர் "சொல்லுங்க சார்" என்பார். போன வருடம் என் மகள் சிந்துஜாவும் அவர் மகன் நவநீதனும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரே நாளில் சென்னியப்பன் சம்பந்தி ஆகிவிட்டார், அதுவும் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளையின் அப்பாவைப் பெண்ணின் அப்பா தன் காருக்கு அடியில் படுக்க வைக்கலாமா? வேறு ஒர்க்‌ஷாப்புக்கும் போக முடியாது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் தொழில் கற்றவர்கள். என் பானெட்டை எங்கே திறந்தாலும் டீ ஆறுவதற்குள் அவருக்குச் சேதி போய்விடும். சம்பந்திக்கு அதைவிட அவமானம் வேறு வேண்டுமா? அங்கேயும் போக முடியாது, இங்கேயும் போக முடியாது. ஆகவே இனி என் காரை நானே பார்த்துக்கொள்வேன்.

வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 8, புதன்

சிந்துஜா வந்திருந்தாள். ஆறாம் மாதம் முடியப் போகிறது. பிப்ரவரி 16 ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு என்று இரண்டு வீட்டிலும் பேசி முடிவாகிவிட்டது. நாங்கள் ஏழு வகைச் சோறு கட்டி எடுத்துப் போய், வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவள் அறைக்குப் புது வெள்ளை அடித்தாயிற்று. தொட்டில் போடக் கொக்கி மாட்டி, அதில் ஐம்பது கிலோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தும் பார்த்துவிட்டேன்.

அவள் அறையைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எங்க மாமனார் இந்த வீட்டுப் படி ஏறி ஒன்றர வருஷமாச்சு. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"அவருக்கு வேலை இருந்திருக்கும்."

"நீங்க ஒரு வார்த்த அவர்கிட்டப் பேசோணும். பேசலைன்னா சடங்குக்காக வருவேன். நாலு நாள் இருந்துட்டு அங்கயே போயிருவேன். பிரசவமும் அங்கதான்."

என்ன வார்த்தை என்று கேட்டேன். மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கர்ப்பிணிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சம்பந்தி வீட்டுக்குச் சீர் எடுத்துப் போனோம். அவர் "வாங்க" என்றார். நான் "வந்தோமுங்க" என்றேன். பிறகு இரண்டு பேரும் ஒரு மணி நேரம் டிவியில் மாடுகளைப் பார்த்தோம்.

ஜனவரி 17, வெள்ளி

பழனிக்குக் கிளம்பினோம். மடத்துக்குளம் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி. வெப்பமுள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தேன். பாதயாத்திரைக்காரர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சும்மா போகவில்லை, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திற என்று நாலு பேர் சொன்னார்கள். செல்போனில் பார்த்த வீடியோவில், சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் திறக்கவில்லை. நாற்பது நிமிடம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, துளசிமணி கட்டி வந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம்.

ஆறிய பிறகு பார்த்தால், ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு கீறல். ஒட்டுப்பசையைப் பிசைந்து அப்பி, அதன்மேல் துணி சுற்றி, நூலால் கட்டி, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம். முருகனைப் பார்க்காவிட்டாலும் மனதுக்குத் திருப்தியாக இருந்தது. இதைச் செய்ய ஒரு மெக்கானிக் எதற்கு?

ஜனவரி 18, சனி

காலை நடை முடித்து வந்து பானெட்டைத் திறந்து பார்த்தேன். பசை இருந்த இடமே தெரியவில்லை. துணியையும் நூலையும்கூடக் காணோம். குழாய் பளபளவென்று புத்தம்புதிதாக இருக்கிறது. நல்ல பசை. ரப்பரோடு ரப்பராகக் கலந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழாயைப் பார்த்தார், துளசிமணியைப் பார்த்தார், இருமிக்கொண்டே போய்விட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

வைப்பர் கிறீச்சிட்டது. இரண்டு பிளேடும் புதிதாக வாங்கி மாட்டினேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை. தண்ணீர் அடித்து ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் நடுவில் மோதி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. அணைத்த பிறகும் விடவில்லை. கம்பெனிக்காரர்கள் அளவைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள். பதவியில் இருந்திருந்தால் நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்.

ஜனவரி 22, புதன்

வைப்பர் ஒழுங்காக ஓடுகிறது. இரவு முழுக்க அந்த இடத்தில் இருந்து பழகிவிட்டது போலிருக்கிறது. இப்போது நீளமானது வலப்பக்கமும் குட்டையானது இடப்பக்கமும் இருக்கிறது. நேற்று நான் எப்படி மாட்டினேன் என்று சரியாக நினைவில்லை.

இன்னொரு விஷயம்தான் கவலையாக இருக்கிறது. இன்று காரில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டில் நுனிக்கு வந்து உட்கார்ந்து ஓட்டினேன். வயதானால் ஆள் குறுகுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் ஒரே இரவில் இவ்வளவா? வீட்டுக்கு வந்ததும் சுவரோடு நின்று, துளசிமணியை எஃகு டேப்பால் அளக்கச் சொன்னேன். ஐந்தடி நாலரை அங்குலம். பணியில் சேர்ந்தபோது இருந்த அதே உயரம்தான். அளக்கும்போது டேப் ஆடியது. திரும்பிப் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு பின்னால போயிருக்குமுங்க" என்றாள்.

"அது எப்படித் தானாகப் போகும்?"

"குழாயி தானா ஒட்டிக்கலீங்களா?"

ஜனவரி 26, ஞாயிறு

ஹாரன் அடிக்கவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, போனதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். உடனே அடிக்கத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை. தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்து, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றுவதற்குள் தேசிய கீதம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் அட்டென்ஷனில் நின்றபடியே இருந்தார்.

ஜனவரி 29, புதன்

ஹாரன் மறுநாள் காலையே தானாகச் சரியானது என்பதை எழுத விட்டுப்போயிற்று. இந்தக் கார் ஒரு மாதிரி. ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்தால் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறது.

இன்று பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று வீடியோவைப் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். துளசிமணி என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் பிடுங்கியதில்லை.

"மத்ததெல்லாம் செய்யுங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். பிரேக்குல கை வெச்சீங்கன்னா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். எம்புள்ளையையும் ஏத்த மாட்டேன்."

கண்ணில் தண்ணீர் நின்றது. சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் வழக்கத்தைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாக நடந்தேன். காரணம் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

நேற்று நடைக்குப் போன வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. கால் மணி நேரத்தில் திரும்பினேன். தெருமுனையிலேயே தெரிந்தது, என் போர்ட்டிகோவில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நீளமான கால்கள். குதிகாலில் பழைய தீக்காயத் தழும்பு. அந்தத் தழும்பைப் பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

துளசிமணி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். "உள்ள வந்து உக்காந்து குடிங்ணா" என்றாள். காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இருக்கட்டும் அம்மிணி. இங்கயே குடுங்க. அவரு வர்றதுக்குள்ள முடிச்சுப் போடறேன்."

அவர் வெளியே வந்து, வாசற்படியைத் தொடாமல், போர்ட்டிகோத் தூணோரம் நின்றே காப்பியைக் குடித்தார். நான் எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்று, "தெனமும் இதே நேரந்தானுங்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர.

அப்போது நான் போய் நின்றிருந்தால் அவருக்குச் சங்கடம். அதனால்தான் அறுந்த செருப்போடு திரும்பி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். இப்படித்தான் நேற்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கடம் அவருக்கு அல்ல.

ஒன்றரை வருடத்துக்கு முன், சென்னியப்பன் வீட்டார் பெண் கேட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. கூடத்தில் நின்றுகொண்டு துளசிமணியிடம் கத்தினேன். "என் கார் கழுவறவன் வீட்டுக்கா என் புள்ளையக் குடுக்கறது? அவன உள்ள வுட்டா சோபாவெல்லாம் கிரீசு." திரும்பினால் கதவு திறந்திருந்தது. வெற்றிலைத் தட்டோடு அவர் வாசலில் நின்றார். தட்டைப் படியில் வைத்துவிட்டு, "இன்னொரு நாள் வர்றோமுங்க" என்றார். கல்யாணம் நடந்தது. சிந்துஜாவின் பிடிவாதத்தால் நடந்தது. ஆனால் அந்த இன்னொரு நாள் இன்றுவரை வரவில்லை.

நான்கு வாரமாக இந்த நோட்டில் எழுதிய காரணமெல்லாம் சால்ஜாப்பு. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இரவு படுக்கப்போகும் முன் காருக்கு அடியில் சுத்தமான கோணிச்சாக்கு இரண்டு விரித்து வைத்தேன். சிமெண்டுத் தரை காலையில் சில்லென்று இருக்கும். குழாயடியில் புதுச் சோப்பும் துண்டும் வைத்தேன்.

துளசிமணி பார்த்தாள். சாக்கின் ஒரு மூலை மடங்கியிருந்ததைக் காலால் சரிசெய்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 8, சனி

சாக்கு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. துண்டு நனைந்திருந்தது. சீட்டு மட்டும் இன்று முன்னாலேயே இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

இப்போதெல்லாம் ஒரு நல்ல ஏற்பாடு அமைந்துவிட்டது. நான் பழுதை ஒரு காகிதத்தில் எழுதி, எனக்கே நினைவூட்டிக்கொள்வதுபோல் டேஷ்போர்டில் வைத்துவிட்டு நடைக்குப் போகிறேன். "இடது கதவு சரியாகச் சாத்தவில்லை, பார்க்க வேண்டும்." திரும்பி வந்தால் சாத்துகிறது. நேற்று "ஒன்றுமில்லை" என்று எழுதி வைத்தேன். ஆனாலும் கண்ணாடி துடைத்திருந்தது.

இப்படியே பேசாமல் ஓட்டிவிடலாம் என்று ஒரு ஆசை வந்தது. சிந்துஜா போன் செய்தாள். "பேசிட்டீங்களா?" என்றாள். "பாதி பேசியாச்சு" என்றேன். "பாதியெல்லாம் ஆகாதுங்கப்பா" என்று வைத்துவிட்டாள். இன்னும் நாலு நாள்.

பிப்ரவரி 15, சனி

நாளை கட்டுச்சோறு. வீடு முழுக்கப் புளியும் தேங்காயும் மணக்கிறது. துளசிமணியின் தங்கையும் நாத்தனாரும் வந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே இடமில்லை.

சம்பந்தியை இன்று காலையில் வர வேண்டாம் என்று, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், துளசிமணி மூலம் சொல்லியனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டில் விசேஷத்தை வைத்துக்கொண்டு அவர் இங்கே கிடக்கக் கூடாது. ஒன்றாவது நானே முழுசாகச் செய்ய வேண்டும் என்றும் இருந்தது. பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. இணைப்புகளைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்துக் காயவைத்தேன். வெள்ளிக்காசு மாதிரி மின்னியது.

பெண்ணை அழைத்து வரப் போகும் வண்டி. பூசை போட வேண்டும். சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தேன். வண்டிக்கு உயிர் பேட்டரி, அதற்கு வைக்காமல் எப்படி? இரண்டு முனையிலும் சந்தனத்தைத் தாராளமாகப் பூசிக் குங்குமம் வைத்து, அதன்மேல் இணைப்பை மாட்டி இறுக்கினேன். மூடியின்மேல் பொட்டு வைப்பது வெறும் அலங்காரம். பொருளின்மேலேயே வைக்க வேண்டும். சாவியைத் திருகினேன், உடனே கிளம்பியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பத்தரையிலிருந்து பதினொன்றரை நல்ல நேரம். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். ஏழு வகைச் சோறும் ஏழு தூக்குப்போசியில் பின்சீட்டில். துளசிமணி முன்னால், மடியில் வளையல் தட்டு. உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இஞ்சினை அணைத்தேன். கேட்டில் நிற்கும்போது அணைப்பவன் ஊரில் நான் ஒருவன்தான். கூட்ஸ் வண்டி போக ஒரு யுகம் ஆனது. கேட் திறந்தது. சாவியைத் திருகினேன். "டிக்" என்றது. இன்னொரு முறை. "டிக்."

பின்னால் எத்தனை ஹாரன் என்று எண்ணவில்லை. நாலைந்து பேர் வந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள். அதில் ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டே, "சென்னியப்பண்ணன் சம்பந்திங்களா? நானு அவருகிட்டத் தொழில் படிச்சவந்தானுங்க. பானெட்டத் தொறங்க, பாத்துப் போடறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. துளசிமணிக்குப் புரிந்தது. அவள் என்னிடம் போனை நீட்டினாள்.

"விசேஷ வீட்டுக்காரர். பட்டு உடுத்தி வாசல்ல நிப்பார். பொண்ணு வீட்டுக்காரன் நான் எப்படிக் கூப்பிடறது?"

"காலைல காலைல அவரு வந்ததெல்லாம் வேற எப்படியாம்? அதுக்கெல்லாம் நாந்தான் கூப்பிட்டேன். இன்னைக்கு நீங்க கூப்பிடுங்க."

போனில் அவர் பெயர் இன்னும் "கார் சென்னி" என்றுதான் இருந்தது. அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சம்பந்தி, தெய்வசிகாமணி பேசறேனுங்க. வண்டி கேட்டுகிட்ட நின்னு போச்சுங்க. எனக்கு ஒண்ணும் புடிபடலை. நீங்க வரோணுமுங்க."

"வர்றேனுங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

ஆறாவது நிமிடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் பொட்டு. பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சந்தனம் அம்மிணி வெச்சாங்களா, நீங்க வெச்சீங்களா?"

"நாந்தானுங்க."

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க." கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. "ஈரமா இருந்த வரைக்கும் எப்படியோ வேலை செஞ்சுருச்சு. இப்பச் சூட்டுல காஞ்சு போச்சுங்க. காஞ்ச சந்தனத்துல கரண்டு போகாது. இளக்கிச் சொரண்டிட்டு மாட்டுனா ஆச்சு."

அவர் சட்டைக் கையை மடிக்கப் போனார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன். "மொதல்ல மைனசு" என்றார். கழற்றினேன். பிளஸையும் கழற்றினேன். அவர் குனிந்து, விரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினார். இரண்டு பேர் தலையும் பானெட்டுக்குள் இருந்தது. எதிரே பேட்டரி மட்டும்தான். முகம் பார்க்க வேண்டியதில்லை. அங்கேதான் எனக்கு வாய் வந்தது.

"காலைல நீங்க வர்றது எனக்குத் தெரியுமுங்க."

"தெரியுமுன்னு எனக்கும் தெரியுமுங்க. சாக்கு விரிச்சு வெச்சீங்களே."

"அன்னிக்கு எங்கூட்டு வாசல்ல நீங்க நின்னப்ப நான் பேசுனது பெரிய தப்புங்க சம்பந்தி. பேசுன அன்னிக்கே தெரியும். சொல்லத்தான் ஒன்றர வருஷம் ஆயிருச்சு. மன்னிச்சுப் போடுங்க."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அது பழக்கந்தானுங்க. முப்பது வருஷமா எத்தனையோ பேரு எத்தனையோ பேசிட்டாங்க. அன்னிக்கு எம்பொறத்தால நவநீதன் நின்னானுங்க. அவங்கப்பன ஒருத்தர் அப்படிப் பேசி அவன் கேட்டது அதுதான் மொதத் தடவ." நகத்தை ஊதிச் சந்தனத் தூளைத் தட்டினார். "நான் படி ஏறாததும் அவனுக்காகத்தானுங்க. எங்கப்பனுக்கு ரோசமில்லைன்னு புள்ள நெனச்சுக்கப் படாதில்லீங்களா."

நான் ஒரு ஆளைப் பேசியதாகவே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இணைப்பை மாட்டி இறுக்கினேன். அவர் ஆட்டிப் பார்த்து, இன்னும் கால் சுற்று என்றார். சாவியைத் திருகினேன், வண்டி பிடித்துக்கொண்டது. மீசைக்காரரிடம் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு, சம்பந்தி பின்சீட்டில் ஏழு தூக்குப்போசிக்கும் நடுவில் ஏறிக்கொண்டார். தன் வீட்டு விசேஷத்துக்குப் பெண் வீட்டாரோடு சேர்ந்து வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பத்தே ஐம்பதுக்கு இறங்கினோம். வாசலில் நவநீதன் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். காற்றாலையில் பராமரிப்பு இன்ஜினியர். என்னிடம் என்றும் ஒரு குறை சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து "வாங்க மாமா, சாப்பிடுங்க மாமா" தவிர வேறு எதுவும் சொன்னதும் இல்லை. நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சொந்தக்காரர்கள் இருபது முப்பது பேர் வாசலில் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் நான் அன்று பேசியது தெருவுக்கே கேட்கும்படிதான்.

"மாப்பிள்ளை, பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு உங்கப்பாவ நான் தாழ்வாப் பேசுனேன். நீங்க கேட்டுட்டு நின்னீங்க. தப்பு என்னுதுங்க. உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கோணும்."

நவநீதன் அவர் அப்பாவைப் பார்த்தார். சம்பந்தி வேட்டியில் ஒட்டியிருந்த கிரீசைப் பார்த்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. நவநீதன் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். துளசிமணி என் முழங்கையைப் பிடித்தாள்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயும் ஒரு பிடி சர்க்கரையும் இருந்தன. "கையக் காட்டுங்க மாமா. சோப்புல இந்தக் கிரீசு போகாது" என்றார். எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து என் இரண்டு உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் தேய்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கறுப்பு கரைந்து ஓடியது. செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். பிறகு சந்தனம் கொடுத்தார். அதை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன், பேட்டரிக்கு மிச்சம் வைக்கவில்லை.

சிந்துஜா மணையில் உட்கார்ந்தபடியே திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். முழங்கைவரை வளையல். நான் பக்கத்தில் போய் அட்சதை போட்டேன். சடங்கு முடிந்து, ஏழு வகைச் சோறும் பரிமாறி, எல்லோரும் கை கழுவப் போன பிறகுதான் கூப்பிட்டாள்.

"அப்பா, உள் ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல என் பை இருக்கு. எடுத்துக் கார்ல வெச்சிருங்க."

போய்ப் பார்த்தேன். நீலப் பை, ஜிப் முழுதாகப் பூட்டிக் கிடந்தது. அவசரமாக அடுக்கியது அல்ல, இரண்டு மூன்று நாள் முன்பே அடுக்கி வைத்த பை. ஒரு கையால் தூக்கினேன். எழும்பவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு கிலோவுக்குக் குறையாது. நாலு நாளைக்கு யாரும் இவ்வளவு துணி எடுத்து வர மாட்டார்கள்.